ஒரு கைப் பஞ்சு

தாயி,

உன் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வந்த கூடலூர்க்காரர்கள் ஜீப் ஏறிப் போன மறுநாள் காலையில் நீ வேலை பார்க்கும் மதுரைக்குக் கிளம்பினாய். பையை வாசலில் வைத்தாய், செருப்பை மாட்டினாய், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் நீ இந்த வீட்டை விட்டுப் போனது இதுதான் முதல் தடவை. என் கோபத்தைப் பற்றி அனுமந்தன்பட்டியில் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள், ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. உன் அறையைக் கூட்டப் போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில், மூச்சிழுப்புக்கு நீ தினமும் இழுக்க வேண்டிய பிரௌன் கலர் இன்ஹேலர் கிடந்தது. ஒன்று இல்லை, இரண்டு. போன மாதம் வாங்கியதும் அதற்கு முந்தின மாதம் வாங்கியதும் அட்டை பிரிக்காமல் அப்படியே. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர்கள் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து நீ அதைத் தொடவே இல்லை என்று புரிந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, கேட்க மாட்டேன். சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கல்யாணம் நடந்தாலும் சரி, நின்றுபோனாலும் சரி, நீ அந்த மருந்தை விடக்கூடாது. யாருக்காகவும், எந்தச் சாதிசனத்தின் திருப்திக்காகவும், இலவம் பஞ்சில் கை வைக்கக்கூடாது. இதை வேறு யாரும் படித்துவிடுவார்களோ என்று பயப்படாதே. படிக்கட்டும். நம் மெத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. இந்த விஷயத்தில் ஒளித்து வைத்தது போதும் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு நடந்ததை நீ உன் கண்ணால் பார்த்தாய், நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வீசிங்கப் பத்தி வாயத் தெறக்காதீகப்பா. கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றாய். நானும் சரி என்று தலையாட்டினேன். நிசமாகவே வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் நினைத்தேன். வந்தவர்களும் நல்ல மனிதர்கள்தான். மலையில் ஏலத்தோட்டம் இருக்கிறது என்ற மிதப்பு ஒருத்தரிடமும் இல்லை. தேதி குறித்தார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னது: "அண்ணே, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். மெத்த மட்டும் உங்க கட மெத்தையாத்தான் இருக்கணும். எங்க பக்கத்துல பொண்ணுதான் மொதக் கைப் பஞ்ச அள்ளிப் போடணும். சொந்தக்காரக பூராம் சுத்தி நின்னு பாப்பாக."

நீ தலையைக் குனிந்து சிரித்தபடி, "சரிங்கத்தே" என்றாய். அந்தச் சிரிப்பு உன் அம்மாவின் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. "பொண்ணுக்கு ஆஸ்துமா இருக்கு தங்கச்சி. பஞ்சுல கை வைக்க மாட்டா" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் மெதுவாக, "வீசிங்காண்ணே, ஆஸ்துமாவா?" என்று கேட்டார். ரெண்டும் ஒண்ணுதான் என்றேன். நம் பக்கத்தில் வீசிங் என்றால் ஏதோ மழைக்கு வந்து போவது, ஆஸ்துமா என்றால் குடும்பத்துக்கே இழுக்கு. பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டு எத்தனை வீட்டில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மெத்தைக் கடைக்காரனுக்குத் தெரியாத கல்யாண வீடு இல்லை.

அந்த அம்மா அடுத்துச் சொன்னதை நானும் குறை சொல்ல மாட்டேன். "அதுக்காக நாங்க வேணாங்கல. யாருக்குத்தான் என்ன இல்ல. ஆனா ஊருக்குத் தெரிய வேணாம்ணே. அன்னைக்கு ஒரு கைப் பஞ்சு மட்டும் அள்ளிப் போட்டுரட்டும். அம்புட்டுத்தான்" என்றார். பரிவோடுதான் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். "ஒரு கைப் பஞ்சுதானப்பா" என்றாய். நான் முடியாது என்றேன். அவர்கள் எழுந்து, யோசித்துச் சொல்லி விடுகிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜீப் சத்தம் அடங்குவதற்குள் நீ என்னிடம் கேட்டாய்: "அம்மா செத்ததுக்கு என்னையத் தண்டிக்கிறீகளா?"

அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். உன் அம்மா செத்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. நெஞ்சு வலி, மாரடைப்பு என்றுதான் உனக்குச் சொன்னோம், ஊருக்கும் அதைத்தான் சொன்னோம். பெரியவளான பிறகு, ஆஸ்துமா இழுப்பில் போனாள் என்று நீயாகவே தெரிந்துகொண்டாய். எப்படிப் போனாள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை எழுந்து போகாதே.

உன் அம்மாவுக்கு இழுப்பு இருப்பது என்னைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. என் அம்மாவிடம் சளி என்று சொல்லி வைத்திருந்தோம். தேனியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பஞ்சுப் பக்கமே போகாதே என்றார், பிரௌன் கலர் இன்ஹேலரைத் தினமும் இழுக்கச் சொன்னார், அவசரத்துக்கு நீலக் கலர் ஒன்று கொடுத்தார். நாலைந்து மாதம் ஒழுங்காக இழுத்தாள். முகத்தில் தெளிவு வந்தது, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. "நல்லாத்தான இருக்கேன், எதுக்கு மருந்து" என்று பிரௌனை நிறுத்தினாள். நானும், ஆமாம், நல்லாத்தானே இருக்கிறாய் என்றேன். காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துகிறோம் இல்லையா, அப்படித்தான் நினைத்தோம். பஞ்சை எப்படி விடுவாள்? அவள் கை ராசியான கை என்று பேர். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் நம் கடையில் மெத்தை தைத்த வீடுகளில், முதல் கைப் பஞ்சு அவள்தான் போட வேண்டும் என்று வந்து கூப்பிடுவார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வந்ததும் பின்கட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் நீலத்தை இழுப்பாள். கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள், எப்போதும்.

என் தங்கச்சி, உன் அத்தை கல்யாணத்துக்கு மெத்தை தைத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து வைத்த நாள். சொந்த நாத்தனார் கல்யாணம், அவள் போடாமல் யார் போடுவது? நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன், "இன்னைக்கு ஒருநா வேற யாரையாச்சும் போடச் சொல்லுவம்." அவள் என் தோளில் இடித்து, "ஒரு கைப் பஞ்சுதான, அதுல என்ன வந்துரப்போகுது" என்றாள். பிறகு ஒரு கையா போட்டாள்? மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று சிரிக்க, குலவை போட, இரண்டு கையாலும் வாரி வாரி உறைக்குள் போட்டாள். புதுப் பஞ்சு, வீடெல்லாம் பறந்தது. உன் தலையில்கூட ஒட்டியிருந்தது, நீ அதை ஊதி விளையாடிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் இருமினாள். பின்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். இழுத்தாள், சுவரில் சாய்ந்து நின்றாள், முகம் சரியாயிற்று. "போங்க, பந்தியக் கவனிங்க" என்று என்னை விரட்டினாள். மதியம் அவள்தான் பரிமாறினாள். சம்பந்தி வீட்டு ஆள் ஒருத்தர் இலையில் பாயசத்தை வழிய விட்டதற்கு அவள் அடித்த கேலியில் பந்தியே சிரித்தது. அவ்வளவு நன்றாக இருந்தாள், தாயி.

வெயில் தாழ்ந்த நேரம் வெற்றிலை மடித்துக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தாள். பேசவில்லை. கூப்பிட்டேன், கையை மட்டும் அசைத்தாள். தொண்டைக்குழி உள்ளே உள்ளே போய் வந்தது. ஆனால் சத்தம் இல்லை. எப்போதும் வரும் அந்த விசில் சத்தம் இல்லை. சத்தம் இல்லையே, அப்படியானால் இழுப்பு இல்லை, அலுப்புத்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் கழுவ முடியவில்லை. உதடு நிறம் மாறிய பிறகுதான் தூக்கினேன். வாசலில் நின்றது சம்பந்தி வீட்டு ஜீப். முன்னால் அவர்கள் வீட்டுப் பெரியவர் ஏறினார், பின்னால் எங்களோடு அவர்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஏறினார்கள், உதவிக்குத்தான். கம்பம் ரோட்டில் ஜீப் பறந்தது. நான் அவள் காதில், எடு, இழு என்றேன். தலையை ஆட்டினாள். அவள் இடுப்பில் நானே கை வைத்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்கள் பக்கம் கண்ணைக் காட்டி, "அவுக இருக்காக" என்றாள்.

அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொண்டுபோனது உடம்பைத்தான். நர்ஸ் சேலையைத் தளர்த்தும்போது கைக்குட்டைப் பொட்டலம் கீழே விழுந்தது, அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். இடுப்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. அதற்கப்புறம் மாரடைப்பு என்று நான்தான் ஊருக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன்? தங்கச்சி கல்யாணம் நின்றுவிடக் கூடாதே, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதே. செத்த பிறகும் அவளை நான் ஒளித்துத்தான் வைத்தேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் ஒரே கேள்விதான் என்னைத் தின்றது. காலையில் வந்தது, மருந்தை இழுத்தாள், சரியாகப் போயிற்று, மதியம் சிரித்தாள். அப்புறம் எப்படி? பரிமாறும்போது புகை பட்டதா, வேறு எதையாவது தின்றாளா, கண்ணேறா என்று மனம் போகாத இடம் இல்லை. கடையில் பஞ்சு மூட்டையை அமுக்கிக் கட்டும்போது உள்ளேயிருந்து காற்று புஸ்ஸென்று வெளியேறும் பார், அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் வேலையாளிடம் விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிடுவேன். உனக்கும் இழுப்பு என்று தெரிந்ததும், கடையிலேயே குளித்து வேட்டி மாற்றித்தான் வீட்டுக்கு வந்தேன். மெத்தைக்கடைக்காரன் வீட்டில் பாய்தான் என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று, சுடுதண்ணீரில் அலசிய உன் போர்வையைக் கொடியில் காயப் போட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நீதான், உனக்கே தெரியாமல். காலேஜ் லீவில் வந்திருந்தாய். கடைக்குள் உன்னை விட மாட்டேன் என்பதால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். என்னதான் படிக்கிற என்று சும்மா கேட்டேன். "நம்ம வீட்டுக் கதையத்தாம்ப்பா" என்றாய். மூச்சுக் குழாயின் உள்தோலில் தூசியோ, தூசிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் எச்சமோ பட்டால், ஆபத்து என்று அது சேதி விடும் என்றாய். அந்தச் சேதி கேட்டு ஒருவகை வெள்ளை அணுக்கள் எழுந்து தங்கள் பங்குக்குச் சேதி விடுமாம். அந்தச் சேதிகளுக்கு இன்டர்லூக்கின் என்று பேர், நாலு, ஐந்து, பதின்மூன்று என்று நம்பர் வேறு. ரேசன் கடை வரிசையா என்று நான் கேலி செய்தேன். "கேளுங்கப்பா" என்று அதட்டினாய். நாலாம் நம்பர் சொல்லித்தான் உடம்பு ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் பொருளைச் செய்கிறது, அது மூச்சுக் குழாயில் இருக்கும் மாஸ்ட் செல் என்ற அணுவின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி அதே தூசி வந்தால் அந்தச் செல் உள்ளே வைத்திருப்பதை எல்லாம் கொட்டிவிடும், நிமிடத்தில் குழாய் இறுகும். பதின்மூன்றாம் நம்பர் சளியைப் பெருக்கும். ஐந்தாம் நம்பர் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை வரைக்கும் போய் ஈசினோபில் என்ற வேறு வெள்ளை அணுக்களைக் கூட்டிக்கொண்டு வரும். அந்த ஒரு பெயராவது எனக்குத் தெரிந்திருந்தது, ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தவர் வாயிலெல்லாம் கேட்ட பெயர்.

"பஞ்சுத் தூசி என்ன பாம்பா, எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டேன். "அதாம்ப்பா கூத்து. அது வயித்துப் புழுவ அடிக்கிறதுக்கு வச்சிருக்குற கூட்டம்னு சொல்றாக. தூசியப் பாத்துட்டுப் புழுன்னு நெனச்சுச் சண்ட போடுது. தூசிக்கு ஒண்ணும் ஆகாது, நம்ம கொழாதான் புண்ணாகும்" என்றாய். அப்புறம் பக்கத்தைத் திருப்பினாய், சாதாரணமாகத்தான் சொன்னாய்: "மொதல்ல வர்ற இறுக்கம் நீலக் கலருக்கு விட்டுரும்ப்பா. சரியாப் போச்சுன்னு எந்திரிச்சு வேலையப் பாப்பாக. ஆனா கூப்பிட்ட கூட்டம் அப்பத்தான் வந்து சேந்துக்கிட்டு இருக்கும். சில மணி நேரங்கழிச்சு ரெண்டாவது தடவ அடைக்கும். அது வெறும் இறுக்கம் இல்ல, வீக்கம், சளி எல்லாம். நீலம் மட்டும் அதுக்குப் பத்தாது." சத்தமே இல்லாம அடைக்குமா என்று கேட்டேன். "விசில் அடிக்கிறதுக்கும் காத்துப் போகணும்லப்பா. சத்தம் நின்னு போச்சுன்னா அதுதான் ரொம்ப மோசம்" என்றாய்.

கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி எழுந்து வந்தேன். கடையில் ஒருத்தரும் இல்லை. பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உன் அம்மா பாயசத்துக்குக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் உடம்புக்குள் சேதி போய்க்கொண்டிருந்தது. நான் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் உன்னிடம் வந்து, அந்தப் பிரௌன் கலர் என்னதான் செய்யும் என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "அந்தச் சேதிகள அமத்தி வைக்கும்ப்பா. தெனமும் அமத்தணும். இழுப்பு இல்லாட்டியும் உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றாய். சொன்னது நீ. அதே நீதான் அந்த டப்பாவை அட்டை பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, மன்னித்துவிடலாம். மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்சி. வாங்கியவளை நான் என்ன சொல்லித் திட்டுவது? வெட்கத்துக்கு முன்னால் படிப்பு என்ன செய்யும் என்று பார்த்துவிட்டேன்.

கூடலூரிலிருந்து இன்றுவரை சேதி இல்லை. வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், அந்தப் பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே போனால் ஒன்று செய். முதல் நாள் காலையிலேயே, பின்கட்டில் இல்லை, நடுக்கூடத்தில், மாமியார், நாத்தனார், விருந்தாளி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மருந்தை எடுத்து இழு. இழுத்துவிட்டு வாயைக் கொப்பளி. பல் விளக்குவதை யாராவது ஒளித்துச் செய்கிறார்களா? முதல் நாள் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் கேட்பார்கள், அப்புறம் அவர்களே, இன்றைக்கு இழுத்தியா என்று கேட்பார்கள். கேட்காத வீடாக இருந்தால் நம் வீட்டுக்கு வந்துவிடு. மெத்தைக்கு நுரை மெத்தை தருகிறேன், அதற்கு உறை நானே தைக்கிறேன். முதல் கைப் பஞ்சு பார்க்காமல் யாருக்காவது தூக்கம் வராது என்றால் அவர்கள் வீட்டுக் கட்டிலில் அவர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அப்பாதான் கெடுத்தார் என்று நீ சொல்வாய். சொல், அது உண்மைதான். உன்னைத் தண்டிக்கிறேனா என்று கேட்டாயே, இல்லை தாயி. எனக்குப் பயம். நீ 'சரிங்கத்தே' என்று சொன்னபோது அந்த ஜீப்புக்குள் மறுபடியும் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை உன் கையை நான் விலக்கிவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

பிரௌன் டப்பா இரண்டையும் இதோடு வைத்து, உன் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியகுளத்துப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கைக்கு வந்ததும், அவன் முன்னாலேயே ஒன்றைப் பிரித்து இழு. ராத்திரி எட்டு மணிக்கு உனக்கு போன் அடிப்பேன். என்னோடு பேச வேண்டாம், கோபம் தீரும்வரை பேசவே வேண்டாம். எடுத்து வாய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இரு. நீ மூச்சு விடுவதை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

அப்பா